மஞ்சள் துணி கட்டிய கோழி

ஒரு மாதமாக என் ஸ்கூட்டர் வெயிலில் காய்கிறது. ஷெட்டில் இடமில்லை. ஷெட்டை ஒரு கோழி எடுத்துக்கொண்டுவிட்டது!

சிரிக்காதீர்கள். பேக்டரியில் முப்பது பேரைக் கட்டி மேய்க்கிற சூப்பர்வைசர் நான். ஒரு கோழியிடம் தோற்றுப்போனேன் என்று எழுத எவ்வளவு மனோதைரியம் வேண்டும்?

ஓசூரில் நாங்கள் குடியிருப்பது புது லேஅவுட். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதி முடிப்பதற்குள் அம்மணி எங்கள் வேலிக்குள் நுழைந்துவிடுவாள். பழுப்பு நிறம், நிமிர்ந்த கழுத்து, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீசர் போல ஒரு நடை. நேராக என் மனைவி விமலாவின் கொத்தமல்லிப் பாத்திக்குத்தான் போவாள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவாள். விரட்டினோம், தண்ணீரை விசிறி அடித்தோம்... ஒரு நாளாவது லேட்டாக வந்தாளா? லீவு போட்டாளா? என் செக்‌ஷனில் இப்படி ஓர் ஆள் கிடைக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

விமலா தஞ்சாவூர்க்காரி. பாத்தி பாதி காலியான அன்று, "ஏங்க, பேசாம பிடிச்சுக் குழம்பு வச்சுட்டா என்ன?" என்றாள். நான் கூடையை எடுத்துக்கொண்டு பதுங்கிப் பதுங்கிப் போனேன். பக்கத்து வீட்டு ரத்னம்மா அலறினார். அவர் வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், பதறினால் இரண்டும்.

"பேடா சார், வேணாம்! கால்ல பாருங்க, மஞ்சத் துணி. மாரியம்மனுக்கு நேந்து உட்ட கோழி. தொட்டா குடும்பத்துக்கு ஆவாது!"

பார்த்தேன். வலது காலில் விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் துணி. கூடையைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து ராஜ மரியாதை. ரத்னம்மா கேழ்வரகு போட்டார். விமலா மிச்சக் கொத்தமல்லியைத் தாரை வார்த்தாள். ஷெட்டில் கிடந்த பேக்கிங் பெட்டியில் ஒவ்வொரு முட்டையாகச் சேர்ந்தது. சாமி முட்டை — யார் தொடுவது? ஒன்பது சேர்ந்ததும் அம்மணி அதன்மேல் ஏறி அடைக்கு உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மணிக்கும் கிளம்பவில்லை.

மூன்றாம் நாள் வந்தது வினை. மறுநாள் மாரியம்மன் திருவிழா. ரத்னம்மா நாலைந்து பெண்களோடு, கையில் கூடையோடு வந்து நின்றார்.

"நேந்தவங்க யாருன்னே தெரியலே சார். வேண்டுதல் நின்னுபோனா தெருவுக்கே கஷ்டம். நாமளே கொண்டுபோயி வெட்டிடலாம்."

அடைகாக்கும் கோழியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சரியான தீனி இல்லை, தண்ணீர் இல்லை. நான் கை நீட்டினால் உடம்பைச் சிலிர்த்து இரண்டு மடங்காகி முறைப்பாள். அந்த வைராக்கியத்தின் முன்னால் எனக்கு வெட்கமாகவே இருந்தது.

"குஞ்சு பொரிக்கட்டுமே..." என்று இழுத்தேன்.

"சாமி காத்துக்கினு இருக்குமா சார்?"

நான் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் வேலியோரம் ஒரு பெண் வந்து நின்றாள். மாதம்மா என்று வைத்துக்கொள்வோம். கிரானைட் கம்பெனியில் கல்லுக்கு பாலிஷ் போடுகிறவள். முந்தானையெல்லாம் கல் தூள். மூன்று நாளாக வீடு திரும்பாத தன் கோழியைத் தேடி வந்திருக்கிறாள். கூடையைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. ஒரு நொடிதான்.

"நேந்தது நாந்தாங்க்கா," என்றாள் ரத்னம்மாவிடம். "எம் பொண்ணு கண்ணாலத்துக்கு. கண்ணாலம் முடிஞ்சப்புறந்தான் வெட்டறதுன்னு வேண்டிக்கினு இருக்கறேன். முன்னாடியே வெட்டுனா ஆத்தா ஏத்துக்குமா?"

ஏற்றுக்கொள்ளாது. இதில் தெருவுக்கு ஒரே கருத்துதான். கூடை திரும்பிப் போனது.

எல்லாரும் போன பிறகு கேட்டேன். "பொண்ணுக்கு என்னம்மா வயசு?"

"நாலு முடிஞ்சுது சார்."

நான் பார்த்த பார்வையில் அவளுக்குப் புரிந்துவிட்டது. மறைக்கவில்லை.

"பகலெல்லாம் பூட்டுன வூடு சார். நான் கம்பெனிக்குப் போனா இத யாரு பாத்துக்குவாங்க? எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். மஞ்சத் துணி கட்டலைன்னா என்னிக்கோ யாரு வூட்டுச் சட்டியிலயோ வெந்திருக்கும்."

மனதுக்குள் ஒரு சல்யூட் அடித்தேன். எங்கள் பேக்டரியில் வாட்ச்மேன், ரிஜிஸ்டர், பூட்டு, கேட்டில் சோதனை... எல்லாம் இருந்தும் வாரம் ஒரு ஸ்பேனர் மாயமாகிறது. இவள் ஒரு துண்டுத் துணியில் காரியத்தை முடித்துவிட்டாளே! (ஊரைத் தவிர எல்லாப் பெயரையும் மாற்றியிருக்கிறேன். தேடிக்கொண்டு வராதீர்கள்.)

நேற்று விடிந்ததும் பெட்டிக்குள் கீச்கீச். ஏழு குஞ்சுகள்! விமலா கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள். சாயங்காலம் மாதம்மா வந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். அப்புறம் இடுப்பிலிருந்து மஞ்சள் நூலை எடுத்து, ஏழின் காலிலும் தளர்வாகக் கட்டினாள்.

"இதெல்லாம் யார் கல்யாணத்துக்கும்மா?" என்றேன்.

கொஞ்சங்கூடச் சிரிக்காமல் சொன்னாள்:

"பேரப் புள்ளைங்க கண்ணாலத்துக்கு சார்!"