முதல் கீறலுக்கு முன்னால்

இன்னும் விழாத கீறலுக்கு இன்றைக்கே பயப்பட வைத்துப் பிழைக்கிற தொழில் எங்களுடையது.

தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் ஒரு கார் பாலிஷ் கடையில் வேலை செய்கிறேன். புது வண்டி எடுத்தவர்கள் ஷோரூமிலிருந்து நேராக எங்களிடம் வருவார்கள். வாக்ஸ் போடுவோம். கூடச் செலவு செய்யத் தயாராக இருந்தால் செராமிக் கோட்டிங், அதாவது பெயின்ட் மேல் கண்ணாடி மாதிரி இறுகிக்கொள்ளும் ஒரு பூச்சு. அதற்கும் மேலே போனால், வண்டி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஃபிலிம் ஒட்டித் தருவோம். படப்பையைத் தாண்டி ஒரு கார் கம்பெனியில் பெயின்ட் செக் பண்ணிக்கொண்டிருந்தவள் நான். கான்ட்ராக்ட் முடிந்ததும் இங்கே வந்து சேர்ந்தேன். கடையில் நானும், பாலிஷ் மெஷின் பிடிக்கும் யூசுப் பாயும்தான். ஓனர் வீட்டிலிருந்தபடி கேமராவில் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வாடிக்கையாளர் முன்னால் சிரித்துச் சிரித்தே தாடை வலி கண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால், சம்பளம் வாங்குகிறாய் அல்லவா என்பார்கள்.

க்ளவுஸ்

காட்டாங்குளத்தூர் பக்கத்திலிருந்து ஒருவர் புது வெள்ளைக் கார் கொண்டுவந்தார். படித்தவர், மெதுவாகப் பேசுகிறவர். என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டார். வாக்ஸ் போடுவதாகப் பேசி முடித்து, நான் வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனதும் தயங்கினார். இன்னும் பூஜை போடாத வண்டியாம். லேடீஸ் கை முதலில் பட வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்களாம். இது எனக்குப் பழகிப்போனதுதான். துணியைக் கீழே வைத்துவிட்டு யூசுப் பாயைக் கூப்பிட்டேன்.

பெயரைக் கேட்டதும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் மாறியது. வேறு யாராவது இருக்கிறார்களா என்றார். நாங்கள் இரண்டு பேர்தான் என்றேன். பாய் மெஷினைக் கையில் பிடித்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் பூஜை, வேறு கடை தேடிப் போக அவருக்கு நேரமில்லை. கடைசியில் பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி சொன்னார்: "சரி, ரெண்டு பேரும் க்ளவுஸ் போட்டுக்குங்க. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் கிடையாது மேடம், வண்டிக்காகத்தான் சொல்றேன்."

மஞ்சள்

செராமிக் போட்ட வண்டி மேல் சில நாளைக்குத் தண்ணீர், எண்ணெய், எதுவும் படக்கூடாது. பூச்சு இறுகும்வரை எது பட்டாலும் அப்படியே பிடித்துக்கொள்ளும். சேலையூர்க்காரர் ஒருவரிடம் இதை வாயாலும் சொன்னேன், வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். அவர் கடையிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போய்விட்டார். அங்கே பானெட்டில் கை நிறைய மஞ்சளைக் குழைத்து வைத்து, நடுவில் குங்குமமும் இட்டு அனுப்பிவிட்டார்கள். வெயிலில் அது நன்றாகக் காய்ந்தும் விட்டது.

அடுத்த வாரம் கோபமாக வந்தார். பானெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் வட்டம், தேய்த்தால் போகவில்லை. பூச்சை அங்கே மட்டும் எடுத்துவிட்டு மறுபடி போட்டுத் தரலாம், ஆனால் நான் அன்றைக்கே சொல்லியிருந்தேனே சார் என்று இழுத்தேன். அவர் செருப்பைக் கழற்றாத குறையாகப் பயபக்தியோடு சொன்னார்: "சாமி வெச்ச மஞ்சள்மேல தப்பு சொல்லாதீங்கம்மா. அதைத் தாங்க முடியாத பூச்சை ஏன் போட்டீங்க?"

மீன் வண்டி

தனம்மா கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து தாம்பரம் மார்க்கெட்டில் விற்பவர். பல வருஷம் ஷேர் ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஏறாதே இறங்கு என்று திட்டு வாங்கிக்கொண்டே வந்து போனவர். அவரிடம்தான் நானும் மீன் வாங்குவேன். ஒருநாள் மகனோடு கடை வாசலில் வந்து இறங்கினார். புத்தம் புது லோடு வண்டி, நீலக் கலர், முன்னால் மாலை. உப்புக் காற்று பட்டால் சீக்கிரம் துரு ஏறிவிடும், ஏதாவது பூசிக்கொள் என்று ஷோரூமில் சொன்னார்களாம். என்னைப் பார்த்ததும் அவருக்கு அத்தனை சந்தோஷம். மகனிடம், நம்ம பொண்ணுதாண்டா இங்க கீது, நல்லா செஞ்சு கொடுக்கும் என்றார்.

வண்டியை உள்ளே விடச் சொல்லி நான் கை காட்டுவதற்குள் என் போன் அடித்தது. ஓனர் கேமராவில் பார்த்துவிட்டார். மீன் வண்டியை உள்ளே ஏற்றாதே, நாளைக்கு வருகிற பெரிய வண்டிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவார்கள், இடமில்லை என்று சொல்லி அனுப்பு என்றார். நான் ஏதோ சொல்லப் பார்த்தேன். உனக்கு வேலை வேண்டுமா வேண்டாமா என்றார்.

தனம்மாவிடம் போய், இன்றைக்கு இடமில்லை, வேறு வண்டிகள் வர வேண்டியிருக்கிறது என்றேன். என் பின்னால் கடை காலியாகக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், என் கையிலிருந்த போனையும் பார்த்தார். மகன் சண்டைக்குத் தயாரானான். அவர் அவன் தோளைத் தொட்டு வண்டியில் ஏறச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: "நாத்தம் என் கையிலதான் கீது கண்ணு. வண்டி இன்னைக்குத்தானே வந்துச்சி, அது இன்னா பண்ணுச்சி?"

அதற்கப்புறம் நான் மீன் வாங்குவது பல்லாவரத்தில்.

ஏசி ரூம்

கோட்டிங் போடுவதற்கென்று கடைக்குள் கண்ணாடி வைத்த ஒரு அறை உண்டு. தூசு வரக்கூடாது, சூடு ஏறக்கூடாது என்று அதற்கு மட்டும் ஏசி. மற்ற இடமெல்லாம் தகரக் கூரை. மே மாதம் அந்தக் கூரைக்குக் கீழே நின்று மெஷின் பிடிப்பதென்றால் சுண்ணாம்புக் காளவாயில் நிற்பது போலத்தான். பாய்க்கு சுகர் வேறு. அன்றைக்கு காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசையைப் போட்டு ஒரு கறுப்பு வண்டிக்குக் கதவு தேய்த்துக்கொண்டிருந்தவர், மெஷினை அணைத்து, பத்திரமாகக் கீழே வைத்தார். அப்புறம் அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்துவிட்டார். விழும்போதுகூட வண்டிப் பக்கம் விழவில்லை.

தலையைத் தாங்கி, இழுத்துக்கொண்டு போய் ஏசி ரூமில் படுக்க வைத்தேன். அங்கே முந்தின நாள் கோட்டிங் போட்ட வண்டி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. சுகர் இறங்கிப்போயிருக்கும் என்று, பக்கத்து டீக்கடையிலிருந்து சர்க்கரை போட்டு ஜூஸ் வாங்கி வந்து புகட்டினேன். அவர் கண்ணைத் திறந்து, எங்கே படுத்திருக்கிறோம் என்று பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். நான்தான் பிடித்து அழுத்தினேன். அந்த நேரம் ஓனர் போன் வந்தது. பாய் கீழே விழுந்ததைக் கேமராவில் பார்த்துவிட்டுப் பதறிக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவர் குரலும் பதற்றமாகத்தான் இருந்தது: "அவரை வெளியே கொண்டுபோய்ப் படுக்க வைம்மா, டிரஸ் முழுக்க காம்பவுண்ட் தூசு, கோட்டிங்ல போய் உக்காந்துடும்."

மாப்பிள்ளை வண்டி

மாடம்பாக்கத்தில் ஒரு பெரியவர். முன்பு விவசாயம் பார்த்த குடும்பம், இப்போது நிலமெல்லாம் மனைகளாகிவிட்டது. ஒரே மகள் நித்யாவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குப் பெரிய கார் வாங்கினார். அதற்கு உச்சி முதல் சக்கரம்வரை ஃபிலிம் ஒட்டச் சொல்லி எங்களிடம் விட்டார். ஒட்டி முடிக்கும்வரை நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை ரொம்ப சுத்தம் பார்ப்பவர், ஒரு சின்னக் குறைகூட இருக்கக்கூடாதும்மா என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கல்யாணம் முடிந்து சில மாதங்கள் கழித்து மூன்று பேரும் வந்தார்கள். பின் கதவில் எங்கோ உரசி ஃபிலிம் கிழிந்திருந்தது. மட்டமான ஃபிலிமை ஒட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று மாப்பிள்ளை மாமனாரிடம் கத்தினார், மாமனார் என்னிடம் கெஞ்சினார். மாப்பிள்ளை போன் லைட்டை அடித்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகப் பார்க்கப் போனார். நித்யா கை கழுவ வேண்டும் என்று என்னோடு பின்பக்கம் வந்தாள். வெயில் காலத்தில் முழுக்கை வைத்த சுடிதார். குழாயைத் திறக்கச் சுடிதார் கையை மடித்துவிட்டபோது மணிக்கட்டுக்கு மேலே பார்த்தேன். பழைய தழும்பு ஒன்று, அதற்குப் பக்கத்தில் புதுசாய் ஒன்று. நான் கேட்கவில்லை. அவளாகவே, வண்டியை உரசினது நான்தான் அக்கா, ரிவர்ஸ் எடுக்கும்போது என்றாள். அப்பாவுக்குத் தெரியுமா என்றேன். தலையை அசைத்தாள். தெரியும் என்றா, தெரியாது என்றா, புரியவில்லை.

எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. மாப்பிள்ளை டீ குடிக்க வெளியே போன நேரத்தில் பெரியவரிடம் போனேன். நம்ம வேலையில் வாடிக்கையாளரின் குடும்ப விஷயத்தில் வாய் திறக்கக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னேன். ஐயா, பொண்ணு கையைப் பாருங்க, இப்போதே உங்களோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. கிழிந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பார்த்தேம்மா. நீ இந்தக் கதவை மட்டும் புதுசு மாதிரி பண்ணிக் கொடு, அவர் சரியாயிடுவார்."

கதவைப் புதுசு மாதிரி பண்ணிக் கொடுத்தேன். நித்யா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு, நேராகப் பார்த்தபடி போனாள். அவளிடம் என் நம்பரைக் கொடுத்திருந்தேன். இதுவரை அழைப்பு வரவில்லை.

தண்ணீர்

சுரேஷ் வரதராஜபுரத்துக்காரர். இன்னொருவரிடம் சம்பளத்துக்குக் கால் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்து, கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு கார் எடுத்தவர். டாக்ஸிக்குச் செராமிக் கோட்டிங் போடுகிறவர்கள் அபூர்வம். எதற்கு இது என்று நானே கேட்டேன். என் வாழ்க்கையில் முதல் வண்டி அக்கா, நல்லா இருக்கட்டும் என்றார். சில நாள் கழித்து, பூச்சு இறுகியதும் வரச் சொல்லி, நான் ஒரு கப் தண்ணீர் எடுத்து பானெட்டில் ஊற்றிக் காட்டினேன். எல்லோருக்கும் காட்டுவதுதான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அவர் அதை வீடியோ எடுத்து மனைவிக்கு அனுப்பினார்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவிலேயே முழங்கால் அளவு தண்ணீர். நான் அரிசியையும் கேஸ் சிலிண்டரையும் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வண்டி வைத்திருந்தவர்கள் முன்கூட்டியே மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். சுரேஷும் போயிருப்பார். ஆனால் பக்கத்து வீட்டில் பிரசவ வலி எடுத்த பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது ஆற்றுத் தண்ணீர் ரோட்டில் ஏறிவிட்டது. வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. கதவைத் தள்ளித் திறந்து அவர் தப்பித்ததே பெரிய விஷயம். வண்டி கூரைவரை மூழ்கிக் கிடந்தது.

தண்ணீர் வடிந்தபின் ஒரு டோ வண்டி அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடை வழியாகப் போனது. சுரேஷ் நிறுத்தச் சொல்லி இறங்கினார். எதற்கு நிறுத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. கதவைத் திறந்தால் சீட்டெல்லாம் சேறு, ஸ்டீயரிங்கில் ஆகாயத்தாமரை வேர் சுற்றியிருந்தது. இன்ஜின் போய்விட்டது, இனி தேறாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டாராம். யூசுப் பாய் ஹோஸை எடுத்து வெளியே ஒட்டியிருந்த சேற்றின்மேல் தண்ணீர் அடித்தார். சேறு அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கியது. உள்ளே செத்துப்போன வண்டி, வெளியே அன்று டெலிவரி எடுத்தது போல் மின்னியது. சுரேஷ் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். அவர் எங்கள்மேல் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நீங்க சொன்ன மாதிரியே மேல தண்ணி ஒட்டவே இல்லக்கா," என்றார். "உள்ளதான் வந்துடுச்சி."

இத்தனைக்கும் பிறகு நான் வீட்டுக்குப் போவது ஹேண்டில் வளைந்த ஒரு பழைய ஸ்கூட்டரில். அதில் விழுந்த எந்தக் கீறலுக்காகவும் இதுவரை நான் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை, இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த போனஸ் அது ஒன்றுதான்.