முதல் குவளை

ஒலாங் முதல் குவளையைக் குடித்துவிட்டு நிமிர்ந்து நிற்கிறார். குழாய்க்கு முன்னால் காலிப் புட்டிகளோடு பதினைந்து பேர் அவர் முகத்தையே பார்க்கிறார்கள். இரண்டு நிமிடம் போகிறது. "சாகலை. பிடிங்க," என்கிறார். வரிசை நகர்கிறது.

விக்டோரியா ஏரிக்கரையில், ஒகானா பூங்காவில் இலவசக் குடிநீர்க் குழாய்கள் வைத்த புதிதில் யாரும் கிட்டே வரவில்லை. ஏரியில் ஆகாயத்தாமரை அழுகிக் கிடப்பதைத் தினமும் பார்க்கிறவர்கள் சும்மா கிடைக்கும் தண்ணீரை எப்படி நம்புவார்கள்? காவலுக்கு வைத்த ஒலாங் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. எல்லோர் முன்னாலும் குடித்தார். மறுநாளும் வேலைக்கு வந்தார்.

வயது ஐம்பத்தெட்டு. புட்டியின் வாய் குழாயில் முட்டினால் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். முகம் கழுவ வரும் மோட்டார்சைக்கிள்காரர்களிடம், "கல்யாணத்துக்கா?" என்பார். சிரிக்கமாட்டார்.

வாசலில் வேர்க்கடலை விற்கும் அவினோவுக்குத் தினமும் ஏமாற்றம்தான்.

"என்ன மாமா, இன்னிக்கும் பொழச்சுட்டீங்களா? சாவுக்குக் கட்டிக்கத் துணியெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன்."

"மடிச்சு வைம்மா. கசங்கிடப் போவுது."

போன செவ்வாய்க்கிழமை குவளையை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே கீழே கொட்டினார். முந்தின நாள் தெருவைத் தோண்டிக் குழாயைச் சரிசெய்திருந்தார்கள். தண்ணீரில் சாக்கடை வாடை. குழாயைப் பூட்டிவிட்டார். "இன்னிக்கு இல்ல."

பத்து மணிக்குப் பூங்கா அதிகாரி ஒபியெரோ படம் எடுக்கிறவர்களோடு வந்து இறங்கினார். குழாய்கள் வைத்து ஒரு வருடம் ஆகிறதாம். மேசை போட்டுப் பூ வைத்தார்கள்.

"திறங்க பெரியவரே. ஒரு குவளை குடிங்க, படம் எடுத்துட்டுப் போயிடறோம்."

"மாட்டேன் சார்."

"தினமும் குடிக்கிறீங்களே?"

"தினமும் நாறாது சார்."

"வேலை வேணுமா, வேணாமா?"

ஒலாங் யோசித்தார். படிக்கிற மகள்கள் இருவரையும் சேர்த்துத்தான் யோசித்தார்.

"வேணும் சார்," என்றவர் பூட்டைத் திறந்து ஒரே ஒரு குவளை பிடித்தார். திரும்பப் பூட்டினார். குவளையை அதிகாரியிடம் நீட்டினார். "இங்க ஒருத்தர் குடிச்சுக் காட்டணும். அப்புறம்தான் வரிசைக்கு. இன்னிக்கு நீங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவினோகூட வாசலிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். அதிகாரி புன்னகையோடு குவளையை உயர்த்தினார்.

ஒலாங் தொப்பியைக் கழற்றி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு தலையைத் தாழ்த்தினார்.

அதிகாரி குடிக்காமல் குவளையை மேசைமேல் வைத்தார். ஒலாங் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.