நெட் போன அன்னைக்கு ஒரு ஓ நெகட்டிவ்

என் தங்கச்சிக்கு ரத்தம் நிக்கலைன்னு டாக்டரம்மா வெளிய வந்து சொன்னப்ப மணி பதினொன்றரை. பிள்ளை பிறந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்துச்சு. பொம்பளைப் பிள்ளை, நல்லா இருக்கு, தாய்க்குத்தான் கர்ப்பப்பை சுருங்க மாட்டேங்குதுன்னாங்க. ஆஸ்பத்திரியில இருந்த ஒரே ஒரு ஓ நெகட்டிவ் பாட்டில் ஏறிக்கிட்டு இருக்கு, திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸ அனுப்பியாச்சு, அங்க இருக்கா இல்லையான்னு கேக்க வழியில்ல, எப்படியும் அது திரும்பி வர சாயங்காலம் ஆகிரும், அதுவரைக்கும் தாங்க இன்னொரு பாட்டில் வேணும். ரெண்டரை மணிக்குள்ள ஆளக் கொண்டுவந்தாத்தான் டெஸ்ட்டெல்லாம் முடிச்சு ஏத்த முடியும்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. எங்கம்மை அப்படியே தரையில உக்காந்துட்டா.

வேற எந்த நாளா இருந்தாலும் நான் இதுக்குப் பதறியிருக்க மாட்டேன். தென்காசியில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஆறு வருஷமா ரத்தம் குடுக்குறவங்களுக்குன்னு ஒரு வாட்சப் குரூப்பும் நடத்துதேன். நான்தான் அட்மின். சுத்துவட்டாரத்துல யாருக்கு ரத்தம் வேணும்னாலும் என்னத்தான் கூப்பிடுவாங்க. ஒரு வரி தட்டிவிட்டா பத்து நிமிஷத்துல எவனாவது ஒருத்தன் வண்டியில ஏறியிருப்பான். ஊரு உலகத்துக்கெல்லாம் ரத்தம் பிடிச்சுக் குடுத்தவன்னு எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமே உண்டு. இல்லைன்னு சொன்னா பொய்.

அன்னைக்குக் காலையில எட்டரைக்கு நெட் போச்சு. நெட்டு மட்டும் போயிருந்தாப் பரவாயில்ல, கொஞ்ச நேரத்துல போனும் போச்சு. யாரு சிம்மும் எடுக்கல. ரோட்டு வேலையில கேபிள வெட்டிட்டான்னு ஒருத்தர் சொன்னார். நாடு முழுக்கவே போயிட்டுன்னு இன்னொருத்தர் அடிச்சுச் சொன்னார். எது உண்மைன்னு பாக்கணும்னாலும் நெட்டுதான வேணும்! சர்டிபிகேட்டுக்கு ஆன்லைன்ல எழுதிப்போட வந்தவங்க என் கடை பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, நான்தான் ஒயரப் பிடுங்கிட்டேன்ங்கிற மாதிரி என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. சவத்த எவன் பாப்பான்னு ஷட்டர இழுத்துவிட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். அதுவரைக்கும் எனக்கு அது வெறும் எரிச்சல்தான்.

தங்கச்சி மாப்பிள்ளை பட்டாளத்துல இருக்காரு. வடக்க எங்கயோ எல்லையில. அவருக்குப் பிள்ளை பிறந்ததும் தெரியாது, இதுவும் தெரியாது. நான் ஒருத்தன்தான் அங்க ஆம்பளைன்னு நிக்கேன். என் ரத்தம் பி பாசிட்டிவ். அம்மைக்கு உடம்பு பூரா சுகர்.

குரூப்புல ஓ நெகட்டிவ் ரெண்டே பேருதான். ஒருத்தன் சென்னைக்கு வேலைக்குப் போயிட்டான். இன்னொருத்தர் சுரண்டை அண்ணாச்சி. போன வருஷம் இலஞ்சியில உள்ள ஒரு ஆச்சிக்கு இடுப்பு ஆபரேஷன்னு கேட்டப்ப, பஸ் பிடிச்சு வந்து குடுத்துட்டுப் போனவர். அவர் பேரு என்னன்னு அம்மை கேட்டா. எனக்குத் தெரியல. போன்ல 'ஓ நெக் அண்ணாச்சி சுரண்டை'ன்னுதான் போட்டு வச்சிருந்தேன். எங்க பக்கத்துல மூத்த ஆளுட்ட யாரு பேரக் கேக்கா? அண்ணாச்சின்னு கூப்பிட்டாப் போதும், மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, வேலையும் நடந்துரும். அந்த ஒரு வார்த்தையில ஒரு மனுஷனோட பேரு, ஊர்ல எந்தத் தெரு, என்ன வேலை, எல்லாத்தையும் கேக்காமலே விட்டிருக்கேன்னு அப்பத்தான் உறைச்சுது.

"எங்கயாவது போய்க் கூட்டிட்டு வந்துரு, எய்யா," ன்னா அம்மை. "அவள விட்டுராத."

சுரண்டைக்கு பைக்க எடுத்தேன். ஆஸ்பத்திரி குத்தாலம் ரோட்டுல. சீசன் நேரம், சாரல் விழுந்துக்கிட்டே இருக்கு. வெளியூர் காரெல்லாம் வழி தெரியாம நடுரோட்டுல நிக்கி. வழக்கமா போனு சொல்லும், இவங்க திரும்புவாங்க. அன்னைக்கு ஒவ்வொரு கார்க்காரனும் கண்ணாடிய இறக்கி ஐந்தருவிக்கு எப்படிப் போகணும், பழைய குத்தாலத்துக்கு எப்படிப் போகணும்னு போறவன் வாறவனையெல்லாம் நிப்பாட்டுதான். என்னையும் ஒருத்தர் கையக் காட்டி நிப்பாட்டினார். உள்ள குடும்பம், மடியில பிள்ளை. நான் வாயில வந்ததச் சொல்லித் திட்டிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? கோபம் அவர் மேல இல்ல. மணி பன்னெண்டு பத்து ஆயிருந்துச்சு, நான் இன்னும் தென்காசியே தாண்டல.

ஆய்க்குடி, சாம்பவர்வடகரை வழியா பைக்க விரட்டினேன். சுரண்டையிலயாவது சிக்னல் இருக்கும்னு ஒரு நப்பாசை. இல்ல. பஜாருக்குள்ள போய் முதல் பலசரக்குக் கடையில, அண்ணாச்சி, ரத்தம் குடுக்குற அண்ணாச்சி ஒருத்தர் இங்க இருக்காரேன்னு கேட்டேன். எந்த அண்ணாச்சின்னு கேட்டார். பருப்புக்கடை அண்ணாச்சியா, இரும்புக்கடை அண்ணாச்சியா, உரக்கடை அண்ணாச்சியா? சுரண்டை பஜார்ல எந்தக் கல்லாவுல பாத்தாலும் ஒரு அண்ணாச்சி. நான் கடை கடையா ஏறி இறங்குதேன். ஒருத்தர் பூச்சிமருந்துக் கடை அண்ணாச்சியப் பாருங்கன்னார். அவர்ட்டப் போனா அவருக்கு ரத்தத்தப் பாத்தாலே மயக்கம் வருமாம்.

அப்ப போட்டோ ஞாபகம் வந்துச்சு. ரத்தம் குடுத்தவங்கள நிக்க வச்சுப் படம் எடுத்துக் குரூப்புல போடுறது என் வழக்கம். நனையாம ஒரு கடைத் தாவாரத்துல ஒதுங்கி, போன எடுத்துத் தேடினேன். படம் இருந்துச்சு. ஆனா சித்திரையில புதுப் போனு மாத்தினதுல எல்லாப் படமும் மங்கலாத்தான் கிடக்கு, நடுவுல ஒரு அம்புக்குறி. அமுக்கினா வட்டம் சுத்துது, சுத்துது, நிக்கவே இல்ல. ஒரு வெள்ளைச் சட்டை தெரியுது, மேல மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல பழுப்பா ஒரு திட்டு. பக்கத்துல டீ குடிச்சுக்கிட்டு நின்னவர்ட்டக் காட்டினேன். கிட்ட வச்சுப் பாத்துட்டு, இதுல நிக்கிறது நானாக்கூட இருக்கலாமேன்னு சொன்னார். கேலிக்குச் சொல்லல அவர். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அந்த மனுஷன் எதிர்ல நின்னப்ப அவரப் பாக்காம போனத்தான பாத்துக்கிட்டு நின்னிருக்கேன்.

அந்தப் படத்துக்குக் கீழ அப்படியே தள்ளிக்கிட்டே வந்தேன், எங்கயாவது ஊரு, தெருன்னு எழுதியிருப்பாரான்னு. ஒண்ணும் இல்ல. தெனமும் காலையில ஆறு மணிக்கு ஒரு ரோஜாப்பூ, 'இனிய காலை வணக்கம்'. அவ்வளவுதான் அவர் எழுதினது. ஐப்பசி மாசத்துல ஒரு இடத்துல நடுவுல சின்ன எழுத்துல ஒரு வரி கிடந்துச்சு. 'நீங்கள் ஓ நெக் அண்ணாச்சி சுரண்டை ஐ நீக்கினீர்கள்.'

எனக்கு மறந்தே போச்சு. அன்னைக்கு டெங்குக் காய்ச்சல்ல கிடந்த ஒரு பிள்ளைக்கு அவசரமாக் கேட்டிருந்தேன். அதுக்குக் கீழ இவர் ரோஜாப்பூ வந்து விழுந்துச்சு. பூ போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லுறது, இந்தக் கோட்டிக்காரங்களோட ஒரே தொல்லையாப் போச்சேன்னு கோபத்துல, ஒரு வார்த்தை சொல்லாம ஆளத் தூக்கிட்டேன். அதுக்கப்புறம் அவர நான் நினைக்கவே இல்ல. இப்ப என் தங்கச்சி உசுருக்கு அந்த மனுஷனத் தேடி நடுத்தெருவுல நிக்கேன். செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

மணி ஒண்ணேகால். அப்பத்தான் வெங்காய வண்டி ஒண்ணு வந்துச்சு. வாங்கம்மா வாங்க, நாட்டு வெங்காயம், நயமான வெங்காயம்னு ரெக்கார்டு அலறிக்கிட்டே வருது. நான் குறுக்க போய் பைக்க நிப்பாட்டிட்டேன். வண்டிக்காரர் முதல்ல ஏசத்தான் வந்தார். விஷயத்தக் கேட்டதும் ரெக்கார்ட நிப்பாட்டிட்டு மைக்க என் கையில குடுத்தார், வண்டிய ஒவ்வொரு தெருவா ஓட்டினார். போன வருஷம் தென்காசிக்கு வந்து ரத்தம் குடுத்த அண்ணாச்சி, ஓ நெகட்டிவ் அண்ணாச்சி, எங்க இருந்தாலும் வாங்க, பிள்ளை பெத்த ஒரு பொண்ணு உசுரு போகுதுன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அண்ணாச்சின்னு சத்தம் கேட்டதும் பாதிப்பேரு திரும்பிப் பாத்தாங்க. யாரும் வரல. நாலு தெரு போயாச்சு.

அஞ்சாவது தெருவுல ஒரு அம்மா அரிசி புடைச்ச சுளவோட வாசலுக்கு வந்து வண்டிய நிப்பாட்டினா. வெங்காயம் வாங்கத்தான் நிப்பாட்டுதாளோன்னு எனக்கு ஆத்திரம். எங்க வீட்ல உள்ளவுகளத்தான் கூப்பிடுதியளோன்னு கேட்டா. அவுகளும் தென்காசிக்குப் போய் ரத்தம் குடுத்திருக்காக, ஆனா நீங்க அண்ணாச்சி அண்ணாச்சின்னுலா கூப்பிடுதீங்க, யாரோ கடைக்காரவுகன்னு நினைச்சு ரெண்டு தடவை உள்ள போயிட்டேன்னு சொன்னா. அவர் கடைக்காரரே இல்ல. ஊருக்குத் தண்ணி திறந்துவிடுற வேலை. ஒரு மணி நேரமா நான் கடை கடையாத் தேடிக்கிட்டு இருந்த ஆளு, பஜாருக்குப் பின்னால மேல்நிலைத் தொட்டிக்குக் கீழ இருக்கார்.

வெங்காய வண்டிக்காரர் எங்கள பைக் நின்ன இடத்துல இறக்கிவிட்டார், அந்த மதினி பைக்குல ஏறி வழி காட்டினா. அவர் வால்வுக் குழிக்குள்ள முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு இருந்தார். நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கரைக்கு ஏறிட்டார். என்னை அடையாளம் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கல. பிள்ளை நல்லா இருக்கான்னு மட்டும் கேட்டார். வடக்குத் தெருவுக்கு அரைமணி கழிச்சுத் தண்ணியத் திருப்பிவிடு, மறந்துராதன்னு பெண்டாட்டிட்டச் சொல்லி சாவியக் குடுத்தார். காலையில இருந்து டீ மட்டும்தான் குடிச்சிருக்கார். வெறும் வயித்தோட ரத்தம் எடுக்க மாட்டாங்களேன்னு நான் தவிச்சேன். அவர் கை கால் கழுவப் போன நேரத்துல மதினி என்கிட்ட, அந்தக் குரூப்ப மூடிட்டீங்களாமே, அவுக காலையில எந்திச்சதும் முதல் வேலையா அதுலதான படம் போடுவாகன்னு சொன்னா.

ஆமா மதினி, மூடிட்டோம்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? அவங்களுக்கு விஷயம் தெரியலைங்கிறதுல எனக்கு ஒரு ஆறுதல்கூட இருந்துச்சு. என் புத்தி அப்படி.

வழியில நாலு பழமும் ஒரு பன்னும் வாங்கினோம். அவர் பின்னால உக்காந்து சாரல்ல நனைஞ்சுக்கிட்டே தின்னுக்கிட்டு வந்தார். தங்கச்சிக்கு என்ன ஆச்சோன்னு ஒரு பக்கம், இவர்ட்ட எப்படிச் சொல்லன்னு ஒரு பக்கம். ஆய்க்குடிகிட்ட ஒரு வளைவுல வண்டி சறுக்கப் பாத்துச்சு. பையப் போங்க, நான் போய்ச் சேந்தாத்தான அவளுக்கு ஏறும்னார். ஆஸ்பத்திரி வாசல்ல வண்டிய நிப்பாட்டுறப்ப மணி ரெண்டே முக்கால்.

கால் மணி நேரம் பிந்திட்டோம். அம்மை வராண்டாவுல செவத்துல சாஞ்சு நின்னா. பிரஷர் இறங்கிக்கிட்டே போகுதுன்னு நர்ஸ் சொன்னா. அண்ணாச்சிய உள்ள கூட்டிட்டுப் போனாங்க. ஃபாரத்துல எழுத அவர் பேரக் கேட்டாங்க, நான் அவர் மூஞ்சியப் பாத்தேன், அவரே சொன்னார். அந்தப் பேர அன்னைக்குத்தான் முதல்முதலாக் கேக்கேன். பை நிறைய எட்டு நிமிஷம் ஆச்சு. அதுக்கப்புறம் டெஸ்ட்டு. அதுக்கு ஒரு மணி நேரம். உள்ள கதவு திறக்கும்போதெல்லாம் எந்திரிச்சுப் போய் எட்டிப் பாத்தேன். ஒரு தடவை டாக்டரம்மா ஓடினாங்க. அம்மை சேலையக் கடிச்சுக்கிட்டு நின்னா. நாலு மணிக்கு ரத்தம் ஏற ஆரம்பிச்சுது.

அண்ணாச்சி வீட்டுக்குப் போகல. ஏறி முடியட்டும், பாத்துட்டுப் போறேன்னு பெஞ்சுலயே உக்காந்துட்டார். அஞ்சு மணிக்குத் திருநெல்வேலி வண்டி ரெண்டு பாட்டிலோட வந்துச்சு. அதையும் ஏத்திட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு டாக்டரம்மா வெளிய வந்தாங்க. ரத்தம் நின்னுட்டு, பிரஷர் ஏறுது, இடையில அந்த ஒரு பாட்டில் வரலைன்னா இன்னைக்கு இவ இல்லன்னு சொல்லி அண்ணாச்சியப் பாத்துக் கும்பிட்டாங்க. அம்மை அவர் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அவர் கூச்சத்துல எந்திரிச்சு நின்னுட்டார்.

அம்மை உள்ள போனப்புறம் எனக்கு அடக்க முடியல. அழுகை வந்துட்டு. அண்ணாச்சி, குரூப்ப மூடல, நான்தான் உங்களத் தூக்கினேன், ஒரு பூப் படத்துக்காகத் தூக்கினேன்னு சொல்லிட்டேன். அவர் ஊசி குத்தின இடத்துல இருந்த பஞ்ச எடுத்துப் பாத்தார். ரத்தம் காஞ்சிருந்துச்சு.

"தெரியும் தம்பி," ன்னார். "போன்ல தமிழ்லதான போட்டிருந்துச்சு, நீக்கினார்னு. வீட்லதான் சொல்லல. குரூப்ப மூடிட்டாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். அவ எப்பவாவது கேட்டா, நீங்களும் அப்படியே சொல்லிருங்க."