அறுபத்து நான்கு பட்டைப் படங்கள்

சேர்ந்த இரண்டாம் நாளே அச்சகத்தில் அவளுக்கு ‘டிகிரி’ என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தது பைண்டிங் அக்கா. டீ குடிக்கும் நேரத்தில் “என்ன படிச்சிருக்கே?” என்று கேட்டாள். “பி.ஏ. வரலாறு” என்று பதில் வந்ததும், “அப்படியா. டிகிரி, அந்தக் கட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு” என்றாள். அதோடு ஒட்டிக்கொண்டது.

அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். அப்பா கிடங்கில் மூட்டை இறக்குகிறவர். பட்டம் வாங்கிய பிறகு ஒன்றரை வருடம் வேலை தேடிச் செருப்பு தேய அலைந்தாள். கடைசியில் கணினியில் பக்கம் அமைக்க மூன்று மாதம் கற்றுக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாள். “ஆறு மாசம் பார்ப்போம், அப்புறம் நிரந்தரம்” என்று முதலாளி சொல்லியிருந்தார். இது ஆறாவது மாதம். அப்பாவோ கிடங்கு முழுக்க “என் பொண்ணு புஸ்தகம் போடுறா” என்று சொல்லிவைத்திருந்தார். எழுதுவது யார், அச்சடிப்பது யார் என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது. அவளும் விளக்கப் போகவில்லை.

அந்தப் புத்தகம் மூன்றாம் வகுப்புக் கணக்குப் பயிற்சி. ஒருவரிடம் இவ்வளவு, இன்னொருவரிடம் இவ்வளவு, யாரிடம் எத்தனை அதிகம் என்று கேட்கிற ஒப்பீட்டுக் கணக்குகள் அறுபத்து நான்கு. ஒவ்வொன்றின் கீழும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பட்டைகள் வர வேண்டும். எழுதிக் கொடுத்த டீச்சர் முதல் மூன்று கணக்குக்கு மட்டும் பென்சிலால் கோடு இழுத்துக் காட்டிவிட்டு, மற்றதற்கெல்லாம் ‘பட்டைப் படம்’ என்று எழுதி விட்டிருந்தார். போடுகிறவளுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பக்கம் என்றால் இரண்டு ஓரமும் நூல் பிடித்தாற்போல இருக்க வேண்டும். முதலாளி முதல் வாரமே தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்தது அது. டீச்சரின் பென்சில் கோடுகள் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருந்ததை அவசரத்தில் இழுத்தது என்று நினைத்துக்கொண்டாள். அறுபத்து நான்கு ஜோடியையும் இடது ஓரம், வலது ஓரம் இரண்டும் சேர, ஒரே நீளத்தில் அடுக்கினாள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு டீச்சர் அச்சுப்படியோடு வந்தார். கோபப்படவில்லை. அச்சுப்படியை அவள் மேசையில் விரித்து வைத்தார்.

“அக்கா கிட்ட நாப்பத்தி ரெண்டு பாசிமணி, தம்பி கிட்ட இருபத்தி ஏழு. ரெண்டு பட்டையும் ஒரே நீளம். எதைப் பாத்தும்மா ஒரு குழந்தை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும்?”

டீச்சர் அடுத்த பக்கங்களைப் புரட்டினார்.

“வித்தியாசம் தெரியணும்னுதானே படமே போடறோம். அறுபத்தி நாலும் இப்படியே இருக்கு.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டிகிரி முடிச்ச பொண்ணு டீச்சர். எங்களை மாதிரி இல்ல, படிச்சவங்க. நமக்குப் புரியாத மாதிரிதான் செய்வாங்க.” பிறகு அவளைப் பார்த்தார். “அஞ்சு மணிக்கு மெஷின்ல ஏத்தியாகணும். திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது. நாலரைக்கு டீச்சர் வந்து பாப்பாங்க. சரியா இல்லன்னா, நாளைக்கு நீ பஸ்ஸுக்கு நிக்க வேண்டியதில்ல.”

டீச்சர் பள்ளிக்கூடத்தில் கூட்டம் இருக்கிறது என்று கிளம்பிப் போனார்.

முதல் எட்டும் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு எண்ணும் தெரியும். பெரிய எண்ணுக்கு நீளப் பட்டை, சின்னதற்குக் குட்டை, மிச்சம் நீட்டிக்கொண்டிருக்கிற துண்டுதான் வித்தியாசம். கொஞ்சம் மூச்சு வந்தது. ஒன்பதாவது கணக்கு: கடையில் 35 பென்சில்கள் உள்ளன. இது பேனாக்களைவிட 12 அதிகம். பேனாக்கள் எத்தனை?

அதிகம் என்றால் கூட்டு. அவள் யோசிக்கவே இல்லை. சின்ன வயதில் வகுப்பே சேர்ந்து ராகம் போட்டுக் கத்திய பாடம்: அதிகம்னா கூட்டு, குறைவுன்னா கழி. பேனா நாற்பத்தேழு. பேனாவுக்கு நீளப் பட்டை. அடுத்தது, அதற்கடுத்தது. பதினொன்றரை மணிக்கு இருபத்திரண்டு முடிந்திருந்தது. ஒருமுறை மேலே பார்த்துவிடலாம் என்று திரும்பியவள் ஒன்பதாவதில் நின்றாள். படத்தில் பேனா நீளம். கேள்வியில் பென்சில் அதிகம்.

இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை படிக்கும்போது எழுத்துகள் தனித்தனியாகத் தெரிந்தன, அர்த்தம் தெரியவில்லை. எது தப்பு, படமா கேள்வியா? பதினைந்து வருடம் பள்ளிக்கூடம், கல்லூரி. எல்லாவற்றையும் எப்படித் தாண்டினாள்? கேள்வியில் ஒரு வார்த்தையைத் தேடிப்பிடித்து, அதற்கு மனப்பாடம் செய்துவைத்ததை எழுதி. கணக்கில் மட்டுமா, வரலாற்றிலும் அப்படித்தானோ? அந்தக் கேள்விக்குள் போனால் இன்றைக்கு வெளியே வர முடியாது என்று தோன்றியது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். அழுகைகூட வரவில்லை.

அங்கேதான் அப்பா போன் பண்ணினார். “சாப்பிட்டியாம்மா? இன்னிக்குத்தானே நிரந்தரம் பண்றதைப் பத்திச் சொல்றாங்க? கிடங்கு மேஸ்திரி கேட்டுக்கிட்டே இருக்கார்.”

“பேசறேன்பா. வேலை இருக்கு.”

“சரி சரி, வேலையைப் பாரு. பெரிய மனுஷி.” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

வெளியே வந்தவளைப் பைண்டிங் அக்கா ஏற இறங்கப் பார்த்தாள். மேசையில் தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்துக்கொண்டிருந்தாள். “என்ன டிகிரி, மூணாங்கிளாஸ் கணக்கு முழி பிதுங்க வைக்குதா? பேய் அறைஞ்ச மாதிரி வர்றே.”

வேறு நேரமாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பாள். இன்றைக்கு அந்த மேசையிலேயே உட்கார்ந்தாள். “அக்கா, ஒண்ணு படிக்கிறேன், கேளுங்க. கடையில முப்பத்தஞ்சு பென்சில் இருக்கு. அது பேனாவை விடப் பன்னெண்டு அதிகம். பேனா எத்தனை?”

“எனக்கு ஏன்டி இந்த வம்பு. நான் பள்ளிக்கூடம் பக்கமே ஒதுங்கினதில்ல.”

“நாப்பத்தேழுன்னு போட்டேன்.”

“போடி. பேனா எப்படிக் கூடும்? பென்சில்தான் ஜாஸ்தின்னு அவனே சொல்றானே.” அக்கா தாளைத் தட்டுவதை நிறுத்தவில்லை. “காதுல விழலையா உனக்கு?”

விழவில்லை. அதுதான் விஷயம். அக்காவுக்கு அந்த ராகம் தெரியாது. அதனால் சொன்னது அப்படியே காதில் விழுந்தது.

வெட்டும் இயந்திரத்தின் அடியில் தாள் ஓரங்கள் நாடா நாடாவாகக் கிடந்தன. கை நிறைய அள்ளிக்கொண்டாள். இரும்பு அளவுகோலை நிறுத்தி, அதில் ஒரு நாடாவை முட்டவைத்தாள். அதுதான் தெரிந்த எண், பென்சில். இன்னொன்றை அதன் கீழே முட்டவைத்தாள்; அது பேனா. பென்சில் ஜாஸ்தி என்றால் பேனா நாடாவைக் கிழித்துக் குறைக்க வேண்டும். கிழித்தாள். குறைந்த துண்டு பன்னிரண்டு. மிச்சம் இருபத்து மூன்று.

“அக்கா, ஒரு உதவி. நம்பரையெல்லாம் விட்டுட்டுப் படிக்கிறேன். எது ஜாஸ்தின்னு மட்டும் சொல்லுங்க.”

“சம்பளத்துல பாதி தருவியா?”

“வேலை இருந்தாத்தானே.”

அக்கா அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். “படி.”

“தோட்டக்காரர் காலையில செடிக்குத் தண்ணி விட்டார். சாயங்காலம் விட்டதை விட இது குறைவு.”

“சாயங்காலம்தான் ஜாஸ்தி. சோம்பேறி, வெயில் தாழ்ந்தப்புறம்தான் எழுந்திருச்சிருக்கான்.”

காலையில் 48 குடம், குறைவு 19. அவள் கழித்து இருபத்தொன்பது என்று போட்டிருந்தாள். சரியான விடை அறுபத்தேழு. அப்படி எத்தனை என்று பார்த்தபோது இருபத்திரண்டில் ஏழு தப்பு. அந்த ஏழு படத்தையும் பிரித்துப் போட்டுவிட்டுத் தொடர்ந்தாள். படிப்பது, நாடா, கணினி, திரும்ப ஓடிவந்து படிப்பது. அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு வைத்திருந்தாள். மூன்று மணிக்கு மேல், அக்கா சொல்வதற்கு முன்பே எது ஜாஸ்தி என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். அக்கா “ம்” மட்டும் கொட்டினாள். இரண்டு இடத்தில் “ம்” வரவில்லை. இரண்டும் தப்புதான். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

நாலு இருபதுக்கு அறுபத்து நான்காவது. இரண்டு கூடைகளிலும் சேர்த்து 50 பழங்கள். பெரிய கூடையில் சிறியதைவிட 14 அதிகம். சிறிய கூடையில் எத்தனை?

“பெரிய கூடைதான் ஜாஸ்தி. இதுக்கு நான் எதுக்கு?” என்றாள் அக்கா.

“ஆனா அம்பதை எந்தப் பட்டையில எழுதறது?”

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். இரண்டு பட்டையிலும் ஐம்பது இல்லை. அவள் நாடாக்களை மாற்றி மாற்றி வைத்தாள். ஐம்பதிலிருந்து பதினாலைக் கழித்தாள், முப்பத்தாறு வந்தது. அது எந்தக் கூடைக்கு என்று தெரியவில்லை. கணினிக்குத் திரும்பினாள். படத்தில் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று போட்டு ஐம்பதை எங்கேயாவது நடுவில் செருகிவிடலாம். பார்ப்பதற்குச் சரியாக இருக்கும். ஓரம்கூட நேராக இருக்கும்.

வாசலில் டீச்சரின் குரல் கேட்டது. பின்னாலேயே முதலாளி. “ஆச்சா?”

“அறுபத்தி மூணு ஆச்சு சார்.”

“இன்னொண்ணு?”

செருகிவிட அரை நிமிடம் போதும். மவுஸின் மேல்தான் கை இருந்தது. “அது எனக்குப் புரியல. இத்தனை நாளும் எதுவுமே புரியாமத்தான் சார் போட்டேன். புரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பென்சிலால் இரண்டு பட்டை வரைந்து, அவற்றின் வலப்பக்கம் இரண்டையும் சேர்த்து அணைத்தாற்போல ஓர் அடைப்புக்குறி போட்டு, அதன் ஓரத்தில் ஐம்பது என்று எழுதினார். நீட்டிக்கொண்டிருந்த பதினாலை விரலால் மறைத்தார். “இப்ப ரெண்டும்?”

“சமம்.”

“மிச்சம் முப்பத்தாறு. அதுல ஒரு கூடைக்கு?”

“பதினெட்டு.” சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் மற்றதைப் பார்த்து முடித்தபோது மணி ஐந்தேகால். மூன்று இடத்தில் சிவப்பு மை விழுந்தது. திருத்தினாள். இயந்திரம் ஓட ஆரம்பித்தது. முதலாளி அவள் மேசைப் பக்கமே வராமல், போகிற போக்கில் சொன்னார். “நாளைக்கு வா. நிரந்தரம் எல்லாம் இன்னும் ஆறு மாசம் கழிச்சுப் பேசிக்கலாம்.”

அப்பாவிடம் அதைச் சொல்ல அவளுக்கு இரண்டு நாள் ஆனது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. “மேஸ்திரி கிட்ட நானே சொல்லிக்கிறேன்” என்றார். கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த வாரம் நாலாம் வகுப்புக் கணக்குக் கட்டு அவள் மேசைக்கு வந்தது. முதல் பக்கத்தைப் படித்தாள். எழுந்துபோய் முதலாளியின் மேசையிலிருந்த போனை எடுத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணை அழுத்தினாள்.

“டீச்சர், நான்தான், அச்சகத்துலேருந்து. முதல் கணக்கே எனக்குப் புரியல.”