ரோசி இருமாமல் இருக்க

குதிரைக்குப் புல் வாங்கும் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: மாடு தின்கிற புல் எங்கேயும் இருக்கும், ஆடு தின்கிற தழை எங்கேயும் இருக்கும், குதிரை தின்கிற புல் மட்டும் எப்போதும் அடுத்த ஊரில்தான் இருக்கும். அந்த அடுத்த ஊருக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்த்தவரா நீங்கள்? அப்படியானால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நாம் ஒரே சாதி.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் நான் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தேன். எங்கள் துரைக்கு இரண்டு மட்டக் குதிரைகளும் ரோசி என்ற செந்நிறப் பெட்டைக் குதிரையும் இருந்தன. மட்டக் குதிரைகளைப் பற்றிக் கவலையில்லை, கொடியில் காயப்போட்ட வேட்டியைக்கூட அவை தின்னும். ரோசி அப்படியில்லை. போன மழைக்காலத்தில் பூசணம் பிடித்த புல்லைத் தின்றுவிட்டு, மழை விடும்வரை இருமித் தீர்த்தாள். துரை என்னைக் கூப்பிட்டு, இந்த மழைக்கும் அவள் இருமினால் சேலத்து ஜட்கா வண்டிக்காரனுக்கு விற்றுவிட்டு மோட்டார் சைக்கிள் வாங்கப் போவதாகச் சொன்னார். புல் வாங்குவது இனி என் பொறுப்பு, போன வருஷ விலைக்கு மேல் போகவும் கூடாது.

குதிரைக்காரர் காதர் பாய் பக்கத்திலேயே நின்றிருந்தார். ரோசியைக் குட்டியிலிருந்து வளர்த்தவர். நேராக லாயத்துக்குப் போய் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். குதிரைக்குப் பின்னால் நிற்கக்கூடாது என்பதைத் தவிர அதுவரை எனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் ரோசியை ஜட்காவில் கட்ட விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பங்குனி மழை

முதலில் அடிவாரத்துப் புல் வியாபாரியைப் பிடித்தேன். மாட்டு வண்டியில் கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டு மலையேறி வந்தார். மேலே தொட்டால் மொறமொறவென்று இருந்தது. நான் திருப்தியாகத் தலையாட்டினேன். காதர் பாய் மட்டும் ஒரு கட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டார், சட்டென்று வெளியே இழுத்தார். நானும் விட்டுப் பார்த்தேன். உள்ளே ஈரம், இட்லிப் பானைக்குள் கையை விட்டமாதிரி சூடு.

எடை கூடுவதற்காகத் தண்ணீர் தெளித்திருக்கிறார். கேட்டால், வழியில் மழை என்றார். பங்குனி மாதம், சேலத்தில் காக்காய்கூட நிழலைத் தேடி உட்கார்ந்திருக்கிற நேரம். வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டேன். மனுஷர் கொஞ்சமும் அசரவில்லை. மாட்டைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"ஏனுங்க ரைட்டரே, இத்தனை வெயில்ல மலையேறி வருது, புல்லுக்கும் தாகம் எடுக்குமில்லீங்களா?"

கரடியூர்த் தங்கம்

இந்த ஏமாற்றம் நானே தேடிக்கொண்டது, வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. கரடியூர்ப் பக்கம் ஒரு சரிவு முழுக்கத் தங்க நிறத்தில் புல் நின்றது. நெடுநெடுவென்ற உயரம், ஈரம் மருந்துக்கும் இல்லை, விலையோ கொள்ளை மலிவு. அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் இருந்ததை எல்லாம் பேசி முடித்தேன். காதர் பாயிடம் கேட்டு வாங்கியிருக்கலாம். அவரை அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை.

லாயத்தின் முன்னால் இறக்கிவிட்டு, மார்பை நிமிர்த்தி நின்றேன். ரோசி முகர்ந்தாள், ஒரு வாய் கவ்வினாள், துப்பினாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றாள். பின்னால் நிற்கக்கூடாது என்பது நினைவுக்கு வந்து நான் விலகிக்கொண்டேன். காதர் பாய் அவள் உதட்டை விரித்துக் காட்டினார். சிவப்பாகக் கீறியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கரடியூருக்கே ஓடிப்போய், விற்றவரைக் கையோடு கூட்டி வந்தேன். அவர் குதிரையைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், பிறகு பொத்தல் விழுந்த லாயத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தார்:

"கூரை மேய நல்லா முத்தவிட்டு அறுத்த புல்லுங்க இது, ஊட்டு மேல போடறதக் கொண்டுபோயி குதிரை வாயில போட்டுட்டீங்களே சாமி!"

அவமானம்தான். ஆனால் வாங்கியது வாங்கியாயிற்று. அவரையே இருக்கச் சொல்லி லாயத்துக் கூரையை அந்தப் புல்லால் புதிதாக வேய்ந்தோம்.

சும்மா கிடைக்கிற புல்

துரைக்கும் ஒரு யோசனை வந்தது. காபிச் செடிகளுக்கு நடுவே களை எடுக்கிறோமே, அந்தப் புல்லையே காயவைத்தால் என்ன, செலவே இல்லையே என்றார். முதலாளியின் யோசனையில் குற்றம் கண்டுபிடிக்கிற வழக்கம் எந்த ரைட்டருக்கும் கிடையாது. நான் களையெடுக்கும் பெண்களிடம் கூடையோடு போய் நின்றேன்.

புல் அழகாகத்தான் இருந்தது, கொஞ்சம் நீலமாக. போன வாரம்தான் இலை நோய்க்கு மயில்துத்தம் கலந்து அடித்திருந்தார்கள். மருந்து அடித்த கணக்கை எழுதியது நானேதான். பெண்களில் மூத்தவளான மாராயி என் கூடையை வாங்கிக் கவிழ்த்தாள்:

"எங்க ஊட்டு வெள்ளாட்டுக்கே இதப் போடமாட்டோமுங்க, தொரைக்குக் குதிரை மேல அப்படி என்னங்க கோவம்?"

கைக்கு உள்ள வழக்கம்

சித்திரை போய் வைகாசி வந்தது. மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். லாயத்தில் புதுக்கூரை இருந்தது, அதற்குக் கீழே ஒரு கட்டுப் புல் இல்லை. நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஊர் பாக்கியில்லாமல் நடந்தேன்.

செம்மநத்தத்தில் கிடைத்தது. பொன்னம்மா என்ற விவசாயியின் சாமைக் காட்டுக்கு மேலே, கோடை மழைக்குக் கிளம்பிய இளம்புல். இந்தத் தடவை காதர் பாயைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் ஒரு புல் தாளைக் கிள்ளி மென்றுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அந்த அம்மாள் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று, அவிழ்க்கும்வரை அவர்கள் குடும்பத்தில் யாரும் அரிவாள் தொடமாட்டார்களாம். அதுவரை காத்திருந்தால் புல் முற்றிவிடும், மழையும் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ரோசி இருமியதையும் ஜட்காவையும் சொன்னேன். வெட்கமில்லாமல் கண்ணும் கலங்கினேன்.

மூன்றாம் நாள் அவளே வழி சொன்னாள். வழக்கம் எங்கள் கைக்குத்தான், காட்டுக்கு இல்லை, காப்புக் கட்டாத நீங்கள் இரண்டு பேரும் வேண்டுமானால் அறுத்துக்கொள்ளுங்கள் என்றாள். விலை கேட்டேன். காசு வேண்டாமாம். ஆரஞ்சு மரங்களுக்கு உரமாகப் போட லாயத்துக் குதிரை லத்தி முழுவதையும் வருஷம் பூராவும் அனுப்ப வேண்டுமாம். நான் நம்பாமல் விழித்தேன்.

"எங்க புல்லுதானுங்க அந்தக் குதிரை வயித்துல ஒரு நடை போயிட்டு எங்க காட்டுக்கே திரும்பி வருது, அதுக்கு எதுக்குங்க காசு?"

மூன்று நாள் வேடிக்கை

பேனா பிடித்த கையில் அரிவாளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சொல்கிறேன்: முதல் நாளே என் இடது கைச் சுண்டுவிரல் போயிருக்கும், அரை அங்குலத்தில் தப்பியது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் குனிந்தேன். காதர் பாய்க்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவரும் விடவில்லை.

கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் போனார்கள். புதுத்துணி, தேங்காய், பூ, கூடவே இலவசமாக எங்கள் இரண்டு பேரின் கூத்து. பாதையில் நின்ற ஒரு பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, உண்மையிலேயே சந்தேகத்தோடு கேட்டார்:

"ஏனுங்க, நீங்க புல்ல அறுக்கறீங்களா, வெளிய வரச்சொல்லிக் கெஞ்சறீங்களா?"

காபிக் களம்

அறுத்ததை எங்கே காயவைப்பது? செம்மநத்தத்தில் மதியமானால் மூடுபனி இறங்கிவிடும். வேட்டி தின்னும் மட்டக் குதிரைகள் மேல் ஏற்றி எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது, காபிக் களம். காபியெல்லாம் எப்போதோ கீழே போய்விட்டது. சிமெண்டுத் தரை சும்மா கிடந்து வெயில் குடித்துக்கொண்டிருந்தது. காபிக் கொட்டையை இத்தனை வருஷம் காயவைத்த எஸ்டேட்டுக்கு இந்தப் புல் என்ன பெரிய காரியம்!

மாராயியும் மற்ற பெண்களும் கொட்டை கிளறும் பலகையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். காபியைப் போலவே பரப்பினார்கள், மணிக்கொரு தரம் புரட்டினார்கள், பனி இறங்குவதற்கு முன்னால் குவித்துச் சாக்குப் போட்டு மூடினார்கள். நான்காம் நாள் புல் பச்சை மாறாமல் காய்ந்திருந்தது. களம் முழுக்க நல்ல வாசனை. காய்ந்துவிட்டதா, போதுமா என்று நான் மாராயியை நச்சரித்தேன்.

"கொட்டைன்னா நான் கடிச்சுப் பாத்துச் சொல்லுவேனுங்க, புல்லுன்னா அந்த ரோசியவல்லங்க கேக்கோணும்!"

கேட்டோம். ரோசி தலையை நிமிர்த்தவே இல்லை. முன்னால் போட்ட அவ்வளவையும் தின்றாள்.

துரை நின்ற காலைகள்

மழை பிடித்தது. ஆனி போய், ஆடியும் போயிற்று. வாரக்கணக்கில் சூரியனைக் காணோம். கரடியூர்க்காரர் வேய்ந்த கூரை ஒரு சொட்டு உள்ளே விடவில்லை, அதன் கீழே செம்மநத்தத்துப் புல் காய்ந்த அன்று இருந்ததுபோலவே இருந்தது. நான் வாழ்க்கையில் செய்த தவறுகளில் உருப்படியாகப் பலன் கொடுத்தது அந்தக் கூரைப்புல் ஒன்றுதான்.

துரைக்கு நம்பிக்கை இல்லை. நாங்கள் எதையாவது மறைத்துவிடுவோம் என்று நினைத்து, தினமும் விடிந்ததும் லாயத்துச் சுவருக்கு வெளியே மழையில் நின்று காது கொடுத்துக் கேட்பார். நாங்கள் உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். ரோசி புல் மெல்லும் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஆவணி முதல் வாரத்தில் ஒரு காலை, கடைசியில் அந்த இருமல் கேட்டே விட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. காதர் பாய் ரோசியின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். மறுபடியும் இருமல், இந்தத் தடவை நீளமாக. சுவருக்கு வெளியிலிருந்து. காதர் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் நெற்றியைத் தடவியபடி என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"இருமுனா சேலத்துக்குத்தானுங்களே ரைட்டரே, தொரைய யாருங்க ஓட்டிக்கிட்டுப் போறது?"

மோட்டார் சைக்கிள் கடைசிவரை வரவே இல்லை. நல்ல புல் மலிவாக எங்கே கிடைக்கும் என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்டால், சுண்டுவிரல் தழும்பைக் காட்டிவிட்டு, லத்தியை மட்டும் வீணாக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.