தங்கச்சிமடத்துச் சந்தில் டிரெய்லர் தள்ளியது

எனக்குப் பயம் கூடவே பிறந்தது. ஊஞ்சலைக் கொஞ்சம் வேகமாக ஆட்டினாலே இறக்கிவிடச் சொல்லிக் கத்துகிற ரகம். என் மனைவி நேரெதிர். கார் ஓட்டுவது அவள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் செய்த முதல் காரியம், யாரோ விற்க வைத்திருந்த சின்ன கேம்பிங் டிரெய்லர் ஒன்றை வாங்கியது. இரண்டு பேர் படுக்கலாம். ஓர் அடுப்பு, ஒரு ஜன்னல். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும். பரமக்குடிப் பக்கத்து எங்கள் சொந்தக்காரர்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடு இருக்கையில எதுக்கு இந்தக் கூண்டு?" என்று கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான். அவளிடம் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

முதல் ராத்திரி மாரியூர் கடற்கரை. காற்று டிரெய்லரைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் நான் பொட்டுக் கண் மூடவில்லை. அவள் குறட்டை விட்டாள். இன்னொரு ராத்திரி இப்படி என்றால் பஸ் ஏறிவிடுவேன் என்று காலையில் சொன்னேன். அவள் மனமிரங்கி, தன்னோடு வேலை பார்த்த தங்கச்சிமடத்து டீச்சருக்குப் போன் போட்டு, அவர் வீட்டில் நிறுத்த இடம் கேட்டாள். "தாராளமா வாங்க" என்றார் டீச்சர். சந்து எவ்வளவு அகலம் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். கடலைப் பார்த்துச் சரிந்து இறங்கும் சிமெண்ட் சந்து. அதன் கடைசியில் டீச்சர் வீடு. முற்றம் என்று அவர் சொன்னது, வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே இருந்த நீள இடைவெளி. அதன் முடிவில் ஒரு சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி. காரோடு பின்னால் எடுத்தால் டிரெய்லர் கோணிக்கொண்டு சுவரில் உரசியது. கழற்றிவிட்டுக் கையால் தள்ளுவது என்று முடிவானது. முடிவு செய்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

டிரெய்லரின் பின்பக்கம் முதலில் உள்ளே போக வேண்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியையும் அதிலுள்ள ஹேண்ட் பிரேக்கையும் நான் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் பின்பக்கம் நின்று இடம் வலம் சொல்லி, முழம் முழமாக நகரும்போது சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுப்பாள்.

"நீ எதுக்கு அந்தப் பக்கம்? சரிவு அங்கிட்டுத்தான இருக்கு" என்றேன்.

"பின்ன, நீங்க நிக்கிறீகளா?"

நான் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்துனதும் அடியில தவந்து வந்துருவேன். நீங்க பிரேக்கை மட்டும் விட்டுராதீக."

பாதித் தூரம் ஒழுங்காகப் போயிற்று. "கொஞ்சம் இடது... போதும்" என்று அவள் குரல் மட்டும் வரும். ஆளைப் பார்க்க முடியாது. டிரெய்லர் இரண்டு சுவருக்கும் நடுவே அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளங்கை வேர்த்து பிரேக் வழுக்கியது. சட்டையில் துடைத்துத் துடைத்துப் பிடித்தேன்.

அப்போதுதான் கரையிலிருந்து மீனவர்கள் ஐந்தாறு பேர் வந்தார்கள். ஒருவர் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு சும்மா போகிற வழக்கம் அந்தக் கரையில் கிடையாது. கேட்கவும் மாட்டார்கள்.

"என்ன சார், ஐஸ் வண்டியா?" என்றார் முன்னால் வந்தவர், கழுத்தில் சிலுவைக் கயிறு போட்டவர். பதிலுக்குக் காத்திராமல் என்னைத் தோளால் ஒதுக்கினார். "விடுங்க சார். ஏலே, கையப் போடுங்கடா."

என் கை பிரேக்கை விட்டு நழுவியது. பின்னால் ஆள் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பயந்தால் எனக்குக் குரல் வராது. அன்றும் வரவில்லை.

ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே மூச்சில் தள்ளினார்கள். தள்ளிவிட்டு, ஒரே நேரத்தில் கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். மணலில் படகு அப்படித்தான். கைவிட்ட இடத்தில் நிற்கும். பிறந்ததிலிருந்து அவர்கள் தள்ளியது அதைத்தான். இதற்குச் சக்கரம் இருந்தது. சரிவில் அது தன்பாட்டுக்குப் போயிற்று.

கம்பியைப் பாய்ந்து பிடித்தேன். என்னையும் இழுத்துக்கொண்டு போனது. முட்டி சிமெண்டில் தேய்ந்தது. உள்ளே டமாரென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அப்போது குரல் வந்தது. அவளிடமிருந்து பதில் வரவில்லை. அடுக்களையில் டீச்சர் மீன் பொரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"உள்ள ஆளா இருக்கு?" என்று கேட்ட சிலுவைக்காரரின் முகம் வெளுத்துவிட்டது.

டிரெய்லருக்கு அடியில் படுத்துத் தவழ்ந்தேன். முதுகில் இரும்பு கிழித்தது. அவள் இல்லாத வீட்டில் எந்தச் சாவி எதற்கு என்றுகூட எனக்குத் தெரியாதே என்று அந்த நேரத்தில் ஓடியது. அதற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது. தொட்டியோரம் துணி துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. டிரெய்லரின் சக்கரம் அதில் மோதித்தான் நின்றிருந்தது. கல்லுக்கும் தொட்டிக்கும் நடுவே அவளுடைய இரண்டு பாதங்கள். அசையவில்லை.

கையை நீட்டி ஒரு காலைப் பிடித்தேன். சூடாக இருந்தது.

"என்னங்க" என்றாள் மேலேயிருந்து. "ஒண்ணுமில்ல. பின்னாடி மாட்டுன ஸ்டெப்னி டயர் வயித்துல அழுத்துது, கத்த மூச்சு வரல, அம்புட்டுத்தான். இழுக்கச் சொல்லுங்க."

"இழுக்கவா சார்?" என்று அந்தப் பக்கமிருந்து கேட்டார்கள். இழுத்து, மறுபடியும் கையை விட்டுவிட்டால்? அவளே சொன்னாள்.

"இழுங்கண்ணே. மெல்ல. நான் சொல்ற வரைக்கும் கைய விடாதீக."

டிரெய்லர் என் தலைக்கு மேலே விரல் விரலாக நகர்ந்தது. வெளிச்சம் வந்தது. சிலுவைக்காரர் சுவரேறி எட்டிப் பார்த்து, "மன்னிச்சுருங்கம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே, "விடுங்கண்ணே, ஒண்ணும் ஆகல" என்றாள். பிறகு குனிந்து என்னிடம், "கால விடுங்க. எல்லாரும் பாக்குறாக" என்றாள்.

நான் விடவில்லை. அவள் பேச்சில் ஒரு பிசிறும் இல்லை. என் கையிலிருந்த கால் மட்டும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.