மச்சியின் முத்திரைப் புத்தகம்

எங்கள் கரையில் தண்டவாளம் கிடையாது. கல்முனையிலிருந்து பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போனால்தான் ரயிலைக் கண்ணால் காணலாம். பத்து வயதில் நான் முதன்முதலாக ஏறிய ரயிலில், ஜன்னலோர இருக்கை மச்சிக்குப் போனது. மச்சி என்றால் ஜப்பானில் இருக்கும் என் மாமாவின் மகள். என் வயதுதான். விடுமுறைக்கு எங்கள் வீட்டில் நின்றவளை, கொழும்பில் காத்திருந்த மாமாவிடம் ஒப்படைக்க வாப்பா புறப்பட்டார். நான் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன்.

அவளிடம் விசிறி மடிப்பாக விரியும் ஒரு புத்தகம் இருந்தது. அவளுடைய உம்மா ஜப்பான்காரி. உம்மாவின் ஆட்களோடு ஷிண்டோ கோயில்களுக்குப் போகும்போதெல்லாம், அதில் கோயிலின் பெயரைக் கறுப்பு மையால் எழுதிச் சிவப்பு முத்திரை குத்திக் கொடுப்பார்களாம். அங்கே மலைக்கும் மரத்துக்கும்கூடக் கோயில் உண்டாம். வாப்பா எதிரே இருந்தவரிடம், "கையும் வாயும் கழுவிட்டுத்தான் உள்ள போவாங்களாம். நாம தொழ முன்ன ஒளு எடுக்கிற மாதிரி" என்று, ஏதோ தானே போய்வந்தவர் போலச் சொன்னார். நான் வகுப்பில் முதலாவதாக வந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"அங்க ஸ்டேஷன்லயும் சீல் இருக்கும். இங்க இல்லையா?" என்று அவள் கேட்டதுதான் தாமதம். வாழைச்சேனையில் வாப்பா சாறனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிலைய அதிபரின் அறைக்கு ஓடினார். புத்தகத்தின் கடைசித் தாளில் அலுவலகச் சீலைக் குத்தி வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து ஏறினார். பொலன்னறுவையிலும் ஓடினார். கல்ஓயாச் சந்தியிலும் ஓடினார். நான் வடை கேட்டபோது, "இறங்கினா கோச்சி போயிரும் மகள்" என்ற அதே மனிதர்தான்.

மாகோவைத் தாண்டியதும் வாப்பா கண்ணயர்ந்தார். மச்சி முகம் கழுவப் போனாள். நான் அந்தக் கடைசித் தாளை மட்டும் மடிப்போடு கிழித்து ஜன்னலால் விட்டேன். கோயில் முத்திரைகளைத் தொடவில்லை. அவை எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே.

கொழும்பில் சலாம் சொன்ன கையோடு வாப்பா புத்தகத்தை வாங்கி மாமாவிடம் நீட்டினார். "மச்சான், இதப் பாருங்க. நம்மட ஊருகளும் இதில இருக்கு." விரித்தார். முன்னும் பின்னும் புரட்டினார். மச்சி என்னை ஒரு தரம் பார்த்தாள், காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவும் அவளை வெறுத்தேன்.

"எங்கயோ உட்டுட்டன் போல" என்று வாப்பா சிரித்தார். திரும்பி வரும்போது அவர் ஒரு நிலையத்திலும் இறங்கவில்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்து நன்றாகத் தூங்கினேன்.

போன வருடம் காணி உறுதிப் பத்திரம் தேடி அலுமாரியைக் கிளறியபோது வாப்பாவின் பாஸ்போர்ட் கிடைத்தது. நான் பிறந்த வருடம் எடுத்தது. உள்ளே, ஜப்பானுக்கு வரச்சொல்லி மாமா அப்போது எழுதிய கடிதம். பாஸ்போர்ட்டின் ஒரு பக்கத்திலும் ஒரு சீல் இல்லை. ரயிலில் கிழித்த அந்தத் தாளை மச்சியிடமிருந்து பறித்ததாகத்தான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.